கறுப்புக் கண்ணாடிக்குள் பெருமாள்

ஐந்து வயதில் பாசுரம் ஓதத் தொடங்கியவனுக்குக் கறுப்பு நிறத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை டில்லி சரோஜினி நகரில், ஒரு போக்குவரத்துக் காவலரின் நகத்தால் உரிந்து விழுந்தது.

என் மகன் முகுந்தன் வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கியிருந்தான். (விலையைக் கேட்டதும் நான் பூஜையறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.) வெயிலைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவதற்காகக் கரோல் பாக் சென்றபோது, நிறத்தைத் தேரும் பொறுப்பை மரியாதைக்காக என்னிடம் விட்டான். பிள்ளைகள் மரியாதை காட்டும் நேரங்களில்தான் பெரியவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் வெளிர் சாம்பலில் தொடங்கி மாதிரித் துண்டுகளை வரிசையாக வைத்தார். முதலாவது, பெய்து ஓய்ந்த மேகம். அடுத்தது, அடுப்புப் புகை. எதுவும் என் மனத்துக்கு உகக்கவில்லை. கடைசித் துண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். கருமுகில்! காயாம்பூ! பெருமாளின் திருமேனியே அல்லவா என்று அதையே எடுத்து நீட்டினேன். அது சட்டப்படி கூடாது, போலீஸ் பிடிக்கும் என்று கடைக்காரர் பொறுமையாக இந்தியில் விளக்கினார். மத்திய அரசில் பிறருக்கு விதிகளைச் சுட்டிக்காட்டியே ஓய்வு பெற்ற நான், பகவானின் நிறத்துக்கு எந்த விதி தடை சொல்லும் என்று அவரையே திருப்பிக் கேட்டேன்.

"அப்பா, ப்ளீஸ். லைட்டா போதும்ப்பா" என்றான் முகுந்தன்.

"உனக்கு ஒரு பாசுரம் முழுசா வராது. நீ நிறத்தைப் பத்திப் பேசாதே."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஒட்டிக்கொடுத்தார். மூன்று நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது, ஃபிலிம் சுருங்கிவிடும் என்றும் சொன்னார்.

மறுநாள் எங்கள் பஜனை கோஷ்டியின் மார்கழி உலா. ஆண்டுதோறும் பெருமாளின் பெரிய படம் திறந்த டெம்போவில் வீடு வீடாக எழுந்தருளும். அன்று டெம்போ பழுதாகி வரவில்லை. கோஷ்டியின் செயலாளராகிய நான், சற்றும் யோசியாமல் மகனின் காரை வழங்கினேன். பின் இருக்கையில், இடப்பக்கச் சன்னலை நோக்கிப் படத்தை நிறுத்தி, அசையாதபடி தலையணைகளும் மாலைகளும் அடைத்தோம். கதவைத் திறந்தால் பெருமாள் தெருவில் விழுவார்.

முதல் நிறுத்தம் விசாலம் மாமி வீடு. முழங்கால் வலியால் கோயிலுக்குப் போக முடியாத மாமி, ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சேவைக்காகவே மாடியிலிருந்து இறங்குவார். கற்பூரத் தட்டுடன் சன்னலருகே குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சீனு, என் மூஞ்சிதான் தெரியறது."

"மனசுக்குள்ள சேவிச்சுக்கோங்கோ மாமி" என்றேன். (என் வாழ்நாளில் இதைவிட வெட்கக்கேடான சொற்களை நான் உதிர்த்ததில்லை.)

"மனசுக்குள்ளன்னா நான் மாடியிலேயே இருந்திருப்பேனே."

கோஷ்டி பாட்டை நிறுத்தியது. தெரு அடைபட்டது. அடைபட்ட தெருவைத் தேடிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் போக்குவரத்துக் காவலர் வந்து, கண்ணாடியை விரலால் தட்டினார்.

"அந்தர் கௌன் ஹை?"

உள்ளே யார் என்ற கேள்விக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். "பகவான்."

டில்லியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பகவான்தான் உட்கார்ந்திருக்கிறார், பாபுஜி என்று அவர் அலுத்துக்கொண்டார். முன்கதவைத் திறந்து தலையை நுழைத்தவர், மாலைகளுக்கிடையே திருவடியைக் கண்டார். வெளியே வந்து பூட்ஸைக் கழற்றினார். பிறகு முன் இருக்கையில் மண்டியிட்டு, பின்னால் கையை நீட்டி, ஃபிலிமின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். ஈரம் காயாத ஃபிலிம். சன்னிதித் திரை விலகுவதுபோல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

காலை வெயில் பெருமாள் திருமுகத்தில் விழுந்தது. யாரோ மணியை அடித்தார். மாமி கற்பூரத் தட்டை உயர்த்தினார். "வந்துட்டான்" என்றார், என்னைப் பார்க்காமலேயே. காவலர் தொன்னையில் பிரசாதப் பொங்கலை வாங்கிக் கண்ணில் ஒற்றி, நிதானமாகச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அபராதச் சலான் எழுதினார்.

இன்றும் நான் குளியலறையில் சற்றுத் தாமதித்தால் போதும், என் மனைவி விரலால் கதவைத் தட்டுகிறாள்: "அந்தர் கௌன் ஹை?"

"அடியேன்" என்று ஈனசுரத்தில் பதில் சொல்கிறேன்.