நுவாராவின் மடிவீக்கம் குறித்து மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மச்சான் ஹம்மாதி அவர்களுக்கு, சீதி பென்னூரிலிருந்து மிலூதி ஸலாமுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் இறையருளால் சௌக்கியமென்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம். பசு நுவாராதான் சௌக்கியமில்லை. அதைத் தங்கள் தங்கை யாமினாவிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். நானே தொலைபேசியில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மகளின் பிரசவத்துக்காக யாமினா ஃபெஸ் நகருக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. "மடில ஒரு சொட்டு மிச்சம் வைக்காம கறந்துடுங்க" என்று வாசலில் மூன்று முறை சொன்னாள். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக எழுபது பேரை மேய்த்தவனுக்கு ஒரு மாடு எம்மாத்திரம் என்றேன். அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். முதல் நாள் நுவாரா பாலை இறக்கவில்லை. இரண்டாம் நாள் வாளியை உதைத்தாள். மூன்றாம் நாள், வாசனையில் ஏமாறுவாள் என்று எண்ணி, யாமினாவின் நீண்ட பச்சை அங்கியான ஜெல்லாபாவை மாட்டிக்கொண்டு, அவள் துணியால் தலையையும் வாயையும் மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பால் பொழிந்தது மச்சான்! அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு புஷைப் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "யாமினா அக்கா, எப்ப வந்தீங்க? குழந்தை யாரு சாயல்?" என்றான். வாயைத் திறந்தால் துணி விலகி மீசை தெரியுமே என்று தலையை மட்டும் ஆட்டினேன்; ஆட்டிய வேகத்தில் துணி நழுவியது. மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சந்தையில் கிழவர்கள்கூட என்னை அக்கா என்கிறார்கள்.

அந்த வெட்கத்தில்தான் தப்பு செய்தேன். அடுத்த நாட்களில் அதே வேஷத்தில், புஷைப் எழுவதற்குள் முடிக்கவேண்டுமென்று அரையும் குறையுமாகக் கறந்துவிட்டு ஓடிவந்தேன். ஆறாம் நாள் பின்னங்காம்பு ஒன்று கல்லாக இறுகிச் சுட்டது. பால் திரிதிரியாக வந்தது. கண்ணேறு என்று சொல்லி புஷைப் கொட்டில் முழுக்கச் சாம்பிராணி போட்டான். மாடும் நானும் இருமினோம், அவ்வளவுதான். பிறகு மாட்டு டாக்டர் கிஸ்லான் வந்தார், என் மகள் வயதுதான் இருக்கும். மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. "பால உள்ளயே விட்டுட்டீங்க மாமா. அது வலியப் பொறுத்துக்கிட்டு நிக்குது" என்றார். திட்டியிருக்கலாம்.

காம்புக்குள் மருந்து ஏற்றினார். தான் சொல்லும்வரை சொசைட்டிக்குப் பால் ஊற்றக்கூடாது, மூன்று மணிக்கொரு தரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கறந்து கொட்டவேண்டும், அப்படியும் அந்தக் காம்பு வற்றிப்போகலாம் என்றார். ஜெல்லாபா ஒத்தடத்தில் நனைந்து நனைந்து பிசுபிசுத்துப்போச்சு. நானும் அதைக் கழற்றிப்போட்டுவிட்டு என் சட்டையோடே உட்காருகிறேன், எவன் பார்த்தால் என்ன. நுவாரா உதைப்பதில்லை. நேற்று ஒத்தடம் கொடுக்கும்போது திரும்பி என் முதுகை நக்கினாள். வலி கொடுத்தவனை நக்குதே இந்த ஜீவன்!

ஆகவே மச்சான், இந்த மாட்டை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. தாங்கள் வண்டியோடு வந்து அவளைத் தங்கள் கொட்டிலுக்கு ஓட்டிப்போகவும். யாமினாவிடம் பேசும்போது முதலில் மழையைப் பற்றித் தொடங்கவும். மடி என்ற வார்த்தை வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கள் கொட்டிலுக்கு ஒரு குறையும் வராதிருக்க என் பிரார்த்தனை.

தங்கள்,
மிலூதி

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். இன்று காலை அந்தக் காம்பில் திரி இல்லாமல் பால் வந்தது. சந்தோஷத்தில் மறந்துபோய் யாமினாவுக்கே போன் போட்டுவிட்டேன். புஷைப் பெண்டாட்டி தினமும் அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள். தங்களுக்கும் அன்றே தெரியுமாமே! பின் நீ ஏன் வரவில்லை என்று யாமினாவைக் கேட்டேன். "ஃபெஸ் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். நீங்க தரையில உக்காந்து ஒத்தடம் குடுக்கறீங்கன்னு புஷைப் பெண்டாட்டி போன்ல சொன்னா. திரும்பிப் போயிட்டேன்" என்றாள். மாடு நல்ல கையில் இருப்பதால் இன்னும் பத்து நாள் தங்கிவிட்டு வருகிறாளாம். இது பாராட்டா தண்டனையா என்று கேட்க நேரமில்லை, ஒத்தட வெந்நீர் கொதிக்கிறது.