துளியும் ஒழுகாத தரை

பாலையூற்று,
திருகோணமலை.
1973 மார்கழி, மழை விட்டிருக்கும் நேரம்.

சேசு மரி சூசை துணை.

மதிப்புக்குரிய மச்சான் பஸ்தியாம்பிள்ளை அவர்கட்கு,

உங்கள் தங்கையின் புருஷன் பேணாட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மன்னாரில் நீங்களும் மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாவிட்டாலும் இதை வாசித்து முடித்தபின் படுத்துக்கொள்ளுங்கள், அதுவரை உங்கள் முழுக் கவனமும் எனக்கு வேண்டும். இங்கே உங்கள் தங்கை மக்டலின் சுகம். மகள் கிறேஸ் சுகம். மருமகன் ஹெக்டர் வேண்டியதற்கு மேலாகவே சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சங்கதி இதுதான்: உங்கள் தங்கை என்னை விட்டுப் போய்விட்டாள். பதற வேண்டாம், தூரம் இல்லை. நான் இருந்து எழுதும் இந்தக் கரவன் வண்டியின் யன்னலால் எட்டிப் பார்த்தால் அவள் குசினியில் தேங்காய் துருவுவது தெரிகிறது. ஆனாலும் போனது போனதுதான். அவள் தன் வாழ்நாளில் ஒருவருக்குப் பயந்தாள் என்றால் அது மூத்த அண்ணனான உங்களுக்கு. ஆகவே நீங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, புருஷன் இருக்கும் இடத்துக்கு உடனே திரும்பிப் போ என்று கட்டளை இடவேண்டும். நியாயம் என் பக்கம் என்பதை இனி விளக்குகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்குச் சீதனம். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து குடியேறுவார், தாய் தகப்பன் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். நானும் கிறேசின் பேரில் வீட்டை எழுதிக் கொடுத்தேன், மனவருத்தம் இல்லை. ஆனால் நீங்கள் பேசிக் கொண்டுவந்த மாப்பிள்ளை, கல்யாணத்தின் மறுநாள் காலை நான் பெட்டியைத் தூக்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? "மாமா, ஏன் ஒதுங்கவேணும்? உள்ளுக்கையே இருங்கோவன்." நான் கல் சுமந்து கட்டிய வீட்டில் நான் இருப்பதற்கு அவர் அனுமதி தருகிறார்! அரசாங்கக் கச்சேரியில் இருந்து கையெழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு எல்லாமே அனுமதிதான். அன்றைக்கே வளவின் மூலையில் கோழி அடைந்துகொண்டிருந்த கரவனைக் கழுவி அதில் குடியேறினேன். இங்கிலீசுக் கடற்படை போகும்போது ஒரு துரை விட்டுச் சென்ற, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் அந்த இரண்டு சில்லு வண்டி வீட்டை நான் ஏலத்தில் எடுத்தபோது நீங்கள் சிரித்தீர்கள். கட்டில், அலுமாரி, மடக்கு மேசை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. மக்டலினும் முணுமுணுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். எட்டு வருடம் ஒரு குறையும் இல்லை. ஹெக்டரிடம் இந்த எட்டு வருடத்தில் ஒரு தீக்குச்சிகூட நான் கேட்டதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி, செபமாலை மாதம். பொழுதுபடும் நேரம் நாங்கள் இருவரும் முழந்தாளில் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் தேவரகசியத்தில் உங்கள் தங்கை முழந்தாளில் நின்றபடியே உயரம் குறைந்தாள். பக்தி கூடித் தாழ்கிறாள் என்று நினைத்து நான் நிறுத்தாமல் சொன்னேன். "மனுசா! செபத்தை நிப்பாட்டிப்போட்டு என்ரை காலை எடுங்கோ!" என்று அவள் கத்திய பிறகுதான் பார்த்தேன். தரை பிய்ந்து ஒரு கால் முழங்காலுக்கு மேல் உள்ளே போய், வண்டிக்குக் கீழே படுத்திருந்த ஆட்டின் முதுகில் நிற்கிறது. காலுக்கு ஒன்றுமில்லை, ஆட்டுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கே தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தரை சரியாகுமட்டும்தான்" என்று சொல்லி மகளின் வீட்டுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. தரை என்ன பெரிய வேலை?

லினோலியத்தை உரித்தேன். அதன் கீழே இருந்த பிளைவூட் தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி விரலோடு வந்தது. அந்த நேரம் பார்த்து ஹெக்டர் வந்து கதவடியில் நின்று தலையை நீட்டினார்.

"மாமா, நடு நல்லாத்தான் இருக்கு. மூலையளும் யன்னல் கரையும்தான் உக்கிக்கிடக்கு. தண்ணி மேலால இறங்குது போலை. கூரையை ஒருக்கா நான் ஏறிப் பார்க்கட்டோ?"

"தம்பி, நான் டொக்யாட்டிலை முப்பது வருஷம் நிண்டவன். எத்தினை கப்பல் ஏத்திக் கழுவினதைப் பார்த்தனான். தண்ணி மேலால வந்து மூழ்கின கப்பல் ஒண்டைச் சொல்லும் பாப்பம்."

"இது கப்பல் இல்லையே மாமா."

"அதைச் சொல்ல உமக்கென்ன தெரியும்?"

மச்சான், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். இங்கிலீசும் கணக்கும் தச்சுவேலையும் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்தே படித்தேன். கண்ணால் கண்டதற்கு மேல் படிப்பு இல்லை. நிலத்தின் ஈரம் கீழிருந்து ஏறித்தான் தரை உக்கியது என்று முடிவுகட்டினேன். அதே காரணத்தை ஹெக்டர் முதலில் சொல்லியிருந்தால் ஒருவேளை மேலால் என்று நினைத்திருப்பேன். அது வேறு கதை.

இறக்குமதி நின்றுபோன இந்தக் காலத்தில் பிளைவூட் என்று கடையில் பெயர் சொன்னாலே சிரிக்கிறார்கள். ஆகவே சல்லிக் கிராமத்திலிருந்து கனகசபையைக் கூப்பிட்டேன். கனகசபை வள்ளம் கட்டுகிறவன், என் பழைய சிநேகிதன். வந்து கரவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"அண்ணை, தண்ணி எங்கால வாறது?"

"கீழால."

"அப்ப சரி. எனக்குத் தெரிஞ்ச வேலைதான்."

நிலாவெளியில் உடைத்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் பலகைகளை பஸ்சின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தோம். கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஐயா, வள்ளம் எவடத்துக்குப் போகுது?" என்றான். பாலையூற்றுக்கு என்றேன். "அங்கை கடல் இல்லையே?" என்றான். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஏதாவது ஒன்று தெரிந்திருக்கிறது. உக்கிய சட்டங்களைக் கழற்றிப் புதிதாய் வைத்து, பலகையைப் பரப்பி, பலகைக்குப் பலகை இடையில் பஞ்சு திணித்து அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். சுற்றிவரச் சாண் உயரத்துக்கு விளிம்புப் பலகையும் வைத்தோம். கதவடியில் அதை விட்டுவிடுவோமா என்று கனகசபை கேட்டான். "வள்ளத்துக்குக் கதவு வைக்கிறேல்லை அண்ணை, அதுதான் யோசிக்கிறன்." வெள்ளம் வந்தால் முதலில் கதவால்தானே வரும்? அங்கேயும் வைக்கச் சொன்னேன். இப்போது உள்ளே வருகிறவர்கள் காலைத் தூக்கி வைத்துத்தான் ஏறவேண்டும். மரியாதையும் வந்துவிட்டது.

வேலை முடிந்ததும் முறையாகச் செய்வோம் என்று பங்குச் சுவாமியை மந்திரிக்கக் கூப்பிட்டேன். சுவாமி புத்தகத்தைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். "பேணாட், இதை வீடெண்டு மந்திரிக்கிறதோ, வள்ளமெண்டு மந்திரிக்கிறதோ?" "வீடு சுவாமி" என்றேன். அதற்குள் கனகசபை தன் வழக்கப்படி புது வள்ளத்துக்கு உடைப்பதுபோல் முன்பக்கத்தில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டான். சுவாமி இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுப் போனார். உங்கள் தங்கை எல்லாவற்றையும் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு மழை போகட்டும், பாப்பம்" என்றாள். நம்பிக்கை இல்லாத சாதி.

மழை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் சற்று அயர்ந்தேன். கண் விழித்தால் என் செருப்பு இரண்டும் மேசைக் காலடியில் மிதந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் விளிம்புப் பலகையின் பாதிக்கு நிற்கிறது. கதவைத் திறந்தேன், போகவில்லை. கனகசபை அன்றைக்குத் தான் கட்டிய தரையைச் சுகம் விசாரிக்க இந்தப் பக்கம் வந்திருந்தான். உள்ளே கையை விட்டுப் பார்த்தான். பிறகு வண்டிக்குக் கீழே ஊர்ந்துபோய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் வெளிச்சமாக வெளியே வந்தான்.

"அண்ணை, கீழை தூசி பறக்குது. ஒரு துளி இறங்கேல்லை!"

நாங்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். அந்த நேரம் ஹெக்டர் வாளியோடு வந்தார்.

"மாமா, ஒரு சின்ன ஓட்டை போட்டால் எல்லாம் இறங்கிப்போகும்."

"என்ரை தரையிலை ஓட்டையோ?"

"மாமா, தண்ணி..."

"தரையிலை என்ன பிழை, சொல்லும்!"

அவர் வாளியைக் கீழே வைத்தார். தரையில் பிழை இல்லை என்பது இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயம். கனகசபையும் நானும் வள்ளத்தில் இறைக்கும் பட்டையால் பொழுதுபடுமட்டும் இறைத்தோம். உங்கள் தங்கை குடையோடு வந்து கதவடியில் நின்றாள். நான் தரையைக் காட்டினேன். அவள் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, ஹெக்டரைக் கூரைக்கு ஒருக்கா ஏறச் சொல்லி வாய் திறந்து கேளுங்கோ. கேட்ட அண்டைக்கு நான் வாறன். கேளாட்டில் வள்ளத்திலை தனிய இருங்கோ."

எட்டு வருடமாகக் கேளாத வாய், மச்சான். ஒரு கூரைக்காகத் திறப்பதா? அன்றிலிருந்து சோறு கிறேசின் கையில் வருகிறது. நல்ல சோறுதான். ஆனால் மடக்கு மேசையின் மற்றப் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் சாப்பிட எனக்குப் பழக்கமில்லை. செபமாலையும் ஒழுங்காகப் போகவில்லை, நான் பாதி சொன்னால் மற்றப் பாதி சொல்ல ஆளில்லை. இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன், இது மாதாவுக்கும் குழப்பமாகத்தான் இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் தெளிவானது. ஹெக்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் எழுதவேண்டாம், கூரையைப் பற்றியும் எழுதவேண்டாம். பெண்சாதி புருஷனோடு இருக்கவேண்டும் என்று மட்டும், கொஞ்சம் கோபமாக, எழுதுங்கள். நான் சொல்லி எழுதியதாகத் தெரியக்கூடாது.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வருகிற பாலன் பிறப்பு உங்கள் வீட்டில் சமாதானமாக அமையட்டும், உங்கள் கூரையும் உங்கள் மருமக்களும் உங்களைத் தொந்தரவு செய்யாதிருக்கட்டும் என்று மன்றாடும்,

உங்கள் மச்சான்,
அ. பேணாட்.

பி.கு.: மேலே கேட்டபடி ஒன்றும் எழுதவேண்டாம்.

கையெழுத்தைப் போட்டு நிமிர்ந்தேன், மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. கதவு திறந்தது. உங்கள் தங்கை ஒரு கையில் குடையும் மறு கக்கத்தில் தலையணையுமாகக் காலைத் தூக்கி வைத்து உள்ளே ஏறினாள். நான் இன்னும் கேட்கவில்லையே என்றேன். "நீங்கள் கேக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியாதோ? அங்கை நித்திரை வரேல்லை, அவ்வளவுதான்" என்றாள். கட்டிலில் ஏறிக் காலை மடித்துக்கொண்டு இருந்து, குடையை விரித்தாள். குடை இருவருக்கும் காணாது. அவள் அதை என் பக்கமாகப் பிடித்தாள். இந்தத் தாளில் மை கரைந்திருக்கும் இடங்களைக் கண்ணீர் என்று நினைக்கவேண்டாம், அது யன்னல் கரை.

அவளுடைய தோளில் ஒழுகுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இறங்கி, மழையோடு போய், வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"தம்பி ஹெக்டர், ஏணி ஒண்டு இருக்கோ?"

"ஓம் மாமா. உங்கடை கரவனுக்குப் பின்னாலதான் சாத்தி வைச்சிருக்கிறன். தரை உக்கின அண்டு வைச்சது."

இப்போது மழை விட்டுவிட்டது. அவர் மேலே நின்று தார் பூசுகிறார், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன், எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம். உள்ளே நிற்கும் தண்ணீர் போக எந்த மூலையில் ஓட்டை போடலாம் என்றும் அவரிடமே கேட்டுவிட்டேன். துளை போடும் துறப்பணத்தை நானே பிடிப்பேன்.

கனகசபைக்கு மட்டும் தெரியவேண்டாம்.