பாயிண்டில் வாங்கிய கோவளம்

கணக்கு வராதவர்களால் ஒரு குடும்பத்துக்கு எந்த ஆபத்தும் கிடையாது. அவர்கள் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருப்பார்கள். கணக்கு நன்றாக வருகிறவர்களாலும் ஆபத்தில்லை. வாயைத் திறப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு ரகம் உண்டு. பாதி தெரியும், மீதிக்குக் குரலை உயர்த்துவார்கள். நான் அந்த ரகம்.

வேலை ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். திருவனந்தபுரம் ஆரியசாலையில் வீடு. மாமனாருக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம். முப்பது வருடம் மிளகும் அரிசியும் நிறுத்தவர் கணக்கில் எனக்கு மேல் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அவருடைய இளைய மகள், அதாவது என் மனைவி சாந்தியின் தங்கை, உமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பேர் சிதம்பரம், ஊர் நாகர்கோவில். மாப்பிள்ளை வீட்டாரைத் தங்கவைக்கக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் பார்த்திருந்தார் மாமனார்.

"சுத்தமா இருக்கு. தண்ணி வருது. அது போராதா மாப்பிளே?" என்றார்.

போராது என்றேன். ஏனென்றால் அந்த வாரம்தான் நான் ஒரு நட்சத்திர ஹோட்டலின் மெம்பர் ஆகியிருந்தேன். அங்கே தங்கினால் பாயிண்ட் தருவார்கள். பாயிண்ட் சேர்ந்தால் அவர்களுடைய எந்தக் கிளையிலும் இலவசமாகத் தங்கலாம். சேர்ந்ததற்கே ஐந்நூறு பாயிண்ட் போட்டிருந்தார்கள். (ஒன்றுமே செய்யாமல் ஐந்நூறு! எனக்குத் தலைகால் புரியவில்லை.)

கல்யாணப் பத்திரிகையின் உறையைத் திருப்பிப் போட்டுக் கணக்கெழுதினேன். பன்னிரண்டு அறை, இரண்டு நாள். வாடகை. அதன் மேல் வரி. காலை, மாலை பலகாரம். மாப்பிள்ளை வீட்டார் வேட்டி தேய்க்கக் கொடுப்பார்கள் அல்லவா, அது. வெள்ளி மெம்பர் ஆனால் கால் பங்கு கூடுதல். ஆகிவிட்டேன் என்றே வைத்துக்கொண்டேன். மொத்தம் நாற்பத்தெட்டாயிரம் பாயிண்ட். ஒரு பாயிண்ட் என்றால் ஒரு ரூபாய்தானே? இதை எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். எங்கும் படிக்கவில்லை. மனசுக்குத் தோன்றியது.

"மாமா, இது செலவு இல்ல. முதலீடு" என்றேன்.

மாமனார் உறையை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவருக்குப் புரிந்த பக்கம் மகளின் பெயர் இருந்த பக்கம் மட்டும்தான். "உமக்குத் தெரியாததா" என்று சம்மதித்துவிட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உமா பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். நிச்சயதார்த்தத்தன்று பேச்சுவாக்கில் சொன்னாள்: "சங்குமுகத்திலயும் கோவளத்திலயும் நூறு தடவ கடல் பாத்தாச்சு அத்தான். எல்லாம் நின்னுக்கிட்டே பாத்தது. கால்ல மண்ணு, கையில கடலை. ஒரு தடவ கட்டில்ல படுத்துக்கிட்டே பாக்கணும்."

"பாத்தாச்சுன்னு வச்சுக்கோ" என்றேன், இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் எழுந்து நின்று. "கோவளத்தில் அந்த ஹோட்டலுக்குக் கிளை இருக்கு. ரெண்டு நாள், கடல் பார்த்த அறை. என்னோட கல்யாணப் பரிசு!" எல்லாரும் கை தட்டினார்கள். சாந்தி மட்டும் தட்டவில்லை. (அவளுக்கு என்னுடன் ஒன்பது வருட அனுபவம்.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் ஹோட்டலில் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவர் மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன். கோட்டாற்றில் பாத்திரக்கடை வைத்திருப்பதால் கோட்டாறு மாமா. நெற்றி நிறையச் சந்தனம், தோளில் மடித்த நேரியல், குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ரிசப்ஷனில் இருந்த பெண் கேட்டாள்: "சாரே, புக்கிங் ஆருடெ பேரில்? மெம்பர்ஷிப் உண்டோ?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். ஆனால் பாருங்கள், எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வண்டியை விட்டு இறங்கினதில் இருந்து திரும்பி ஏறும் வரை பெண் வீட்டுக்காரன் தன்னை முன்னிறுத்தக் கூடாது. முதல் காப்பி தாய்மாமனுக்கு. முதல் இலை தாய்மாமனுக்கு. மழை வந்தால் முதல் குடையும் அவருக்குத்தான். பிறந்ததில் இருந்து அந்த மரியாதையிலேயே ஊறின என் நாக்கு, மூளையைக் கேட்காமலே பேசிவிட்டது.

"எல்லாம் மாமா பேரிலேயே போட்டிருங்க. அவங்களுக்கு மேல ஆரு இருக்கா?"

மாமாவின் முகத்தில் பல்பு எரிந்தது. "மருமவன் மரியாதை தெரிஞ்சவன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண் அவரிடம் போன் நம்பர் கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் மடியில் இருந்த போன் 'டிங்' என்றது.

"வெல்கம்னு வருதே, ஆருடே இது?"

"ஹோட்டல்காரங்க உங்கள வரவேற்கிறாங்க மாமா" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். அந்த ஒரு டிங்கில் எனக்கு வரவேண்டியது எல்லாம் அவர் மடிக்குப் போய்விட்டது. நானோ வெகு சந்தோஷமாக இருந்தேன்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. இடையில் கவனித்தேன், ஹோட்டலில் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. முறுக்கும் முந்திரிக்கொத்தும் சம்படம் சம்படமாக ஊரில் இருந்தே வந்திருந்தன. வேட்டியும் யாரும் தேய்க்கக் கொடுக்கவில்லை. கோட்டாறு மாமா தன் வேட்டியை மெத்தைக்கு அடியில் விரித்து, மேலே ஏறிப் படுத்து, மடிப்பு எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. திருவனந்தபுரத்தில் கல்யாணச் சாப்பாடு என்றால் கடைசியில் போளி வரவேண்டும். அதை இலையில் பிய்த்துப் போட்டு, மேலே பால் பாயாசம் விட்டுப் பிசைந்து அடிக்க வேண்டும். கடைசிப் பந்தியில் போளி தீர்ந்துவிட்டது. முதல் இலையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அந்தப் பந்தியில்தான் கோட்டாறு மாமா உட்கார்ந்திருந்தார். சமையல்காரரிடம் போளிக் கணக்கு கொடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்! வருகிறவர்களில் சர்க்கரை வியாதிக்காரர்களைத் தலை எண்ணிக் கழித்துக் கொடுத்திருந்தேன். அவர்கள்தான் ஆளுக்கு இரண்டு தின்றார்கள்.

பெண் வீட்டார் பந்தியில் ஒரு பண்டம் தீர்ந்தது என்று ஒத்துக்கொள்வதும், மானத்தை ஏலம் விடுவதும் ஒன்றுதான். "போளி எவ்வளவோ இருந்துது மாமா. விளம்பினவன் உங்க இலையக் கவனிக்காம விட்டுட்டான்" என்று நானே போய்ச் சொன்னேன். மாமனாரையும் அப்படியே சொல்லச் சொன்னேன். கோட்டாறு மாமா "அது செரி" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து உமாவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. புதுமணத் தம்பதி டாக்சியில் கோவளம் போனார்கள். நான் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். (தேனிலவுக்கு எதற்கு மூன்றாவது ஆள் என்று சாந்தி தலையால் அடித்துக்கொண்டாள். நான் இல்லாமல் பாயிண்டை யார் எடுப்பது?)

ரிசப்ஷனில் ஒரு இளைஞர். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "சாரின்டெ அக்கவுண்டில் அஞ்ஞூறு பாயிண்ட் உண்டு."

"ஐம்பதாயிரமா?" என் கணக்குக்கு மேலேயே வந்துவிட்டதே என்று பூரித்தேன்.

"அஞ்ஞூறு சார். ஐந்நூறு."

"அதுக்கு என்ன கிடைக்கும்?"

"ரெண்டு லைம் ஜூஸ்" என்றார். "சால்ட்டோ ஸ்வீட்டோ?"

பழைய பில்லைக் காட்டினேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, தங்கினது யார் பேரிலோ அவருக்குத்தான் பாயிண்ட் போகும் என்றும், அந்த அக்கவுண்டைத் திறக்க அவருடைய போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால் போதும் என்றும் தன்மையாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஒரு போன்தானே! கோட்டாற்றுக்கு அடித்தேன். சிக்னல் சரியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டேன். கடையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"மாமா, உமாவோட அத்தான் பேசுதேன். உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அதக் கொஞ்சம் சொல்லுங்க."

பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"ஆருலே நீ?" என்றார் மாமா.

"நான்தான் மாமா, உங்க மருமவன்!"

"ஓடிபிய பெத்த பிள்ளைக்கும் சொல்லப்பிடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்கான். இப்பம்லாம் ஆளோட சத்தத்தையே அச்சு அசலா எடுத்திருதானுவளாம்."

மாப்பிள்ளை உதவிக்கு வந்தார். "மாமா, நான் சிதம்பரம் பேசுதேன்..."

"ரெண்டு சத்தம் எடுத்து வச்சிருக்கியா? பெரிய கூட்டம்தான்!"

நான் கெஞ்சினேன். கடைசியில் மாமா இறங்கி வந்தார். "நீ மருமவன்தான்னா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. கல்யாணத்தில கடைசிப் பந்தியில எனக்கு என்ன கிட்டல்ல?"

பழைய பதிலையே எடுத்துவிட்டேன். "போளி இருந்துது மாமா. விளம்பினவன்தான் கவனிக்காம..."

"அது ஊருக்குச் சொன்ன பதிலு. உள்ளபடிக்கு நடந்ததச் சொல்லு."

"டைம் கழிஞ்ஞு சார்" என்றார் ரிசப்ஷன் இளைஞர். "வேற ஓடிபி அனுப்பட்டே?" தலையாட்டினேன்.

திரும்பிப் பார்த்தேன். உமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் கடல். இங்கேயும் பிள்ளை நின்றுகொண்டேதான் கடல் பார்க்கிறாள். ஒரு பக்கம் மாமனார் மானம், ஒரு பக்கம் இவள் ஆசை. இரண்டையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்த மகாராஜன் நான். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

"போளி தீந்து போச்சு மாமா!" என்று கத்தினேன். "கணக்கு போட்டது நான். சக்கரை வியாதிக்காரங்களக் கழிச்சுட்டேன். மாமனாருக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் என் தப்பு!"

லாபியில் இருந்த வெள்ளைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். போனில் ஒரு வெடிச்சிரிப்பு. "ஏட்டி, கேட்டியா! போளி தீந்து போச்சாம்! ஒத்துக்கிட்டான்!" என்று மாமா கடையில் இருந்த தன் மனைவியிடம் கூவியது கன்னியாகுமரிக்கே கேட்டிருக்கும். அப்புறம் புதிதாக வந்த ஆறு நம்பரையும் ஒவ்வொன்றாக, கோயில் பிரசாதம் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

அக்கவுண்ட் திறந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பாயிண்ட் இருந்தது. வரிக்குப் பாயிண்ட் கிடையாதாம். பன்னிரண்டு அறை எடுத்தாலும் மூன்றுக்குத்தான் உண்டாம். சாப்பிடாத சாப்பாட்டுக்கும் தேய்க்காத வேட்டிக்கும் கிடையாது என்பதை அந்த இளைஞர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஒரு பாயிண்டின் மதிப்போ கால் ரூபாய். கடல் பார்த்த அறையின் வாசலைக்கூட அதற்குத் திறக்கமாட்டார்கள்.

"அப்ப இதுக்கு என்னதான் கிடைக்கும்?"

"ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் உண்டு சார். மெம்பரின்டெ வீட்டு அட்ரசுக்கு அனுப்பும்."

"அடி கனமா இருக்குமான்னு கேளு!" என்றது ஸ்பீக்கர். மாமா இன்னும் லைனில்தான் இருந்தார்.

"நாங்களே கட்டிக்கிடுதோம் அத்தான்" என்றாள் உமா. விடுவேனா? புது ஸ்கூட்டருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததைக் கார்டில் தேய்த்தேன். பழைய ஸ்கூட்டரிலேயே திரும்பினேன். இன்றைக்கும் அதில்தான் ஆபீசுக்குப் போகிறேன்.

நேராகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மாமனார் முன்னால் நின்றேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது.

"போளி தீந்து போச்சாமே" என்றார், மிளகு நிறுத்தபடி.

"ஆமா மாமா."

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்பாடா! மூணு வாரமா நெஞ்சுல கிடந்துது. எனக்குப் பொய் சொல்ல வராது மாப்பிளே. நீரு சொல்லச் சொன்னீரேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

மறுநாள் காலையில் உமாவிடம் இருந்து ஒரு படம் வந்தது. போர்வை, அதற்கு வெளியே ஒரு ஜோடிக் கால், அதற்கப்பால் ஜன்னல் நிறையக் கடல். கீழே ஒரு வரி: "படுத்துக்கிட்டே பாத்தாச்சு அத்தான்!" அன்றைக்கு முழுக்க ஆபீசில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தலைதீபாவளிக்குத் தம்பதி வந்தபோது கோட்டாறு மாமாவும் கூடவே வந்தார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, நடுவில் அந்த எலெக்ட்ரிக் கெட்டில்.

"பிடி மருமவனே. உண்மை பேசினதுக்குப் பரிசு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி (அதாவது அடுத்த தெருவோடு நிற்கும்படி) சொன்னார்: "முதல் ஹலோலயே நீதான்னு தெரியும். பின்னே போளி விஷயத்த எப்பம் ஒத்துக்க வைக்கது?" கெட்டிலின் அடியைச் சுண்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "வெறும் தகடு. என் கடையில இத வைக்கவே மாட்டேன்."

சாந்திதான் அதற்குக் கோவளம் என்று பேர் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோவளத்தில்தான் தண்ணீர் கொதிக்கிறது. விருந்தாளி வந்தால், "கோவளத்துக்குப் போயி ரெண்டு சாயாவுக்கு வெந்நி எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்புவாள். குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் போளி எத்தனை வேண்டும் என்று முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் சொல்வதை இரண்டால் பெருக்கிக்கொள்கிறார்கள்.

போன மாதம் எல்லாருமாகக் கடற்கரைக்குப் போயிருந்தோம். உமாவின் மகளுக்கு இப்போது நாலு வயது. "இதுதான் கோவளம்" என்று கடலைக் காட்டினேன். குழந்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை பார்த்தாள்.

"பெரியப்பா, இது எப்பம் கொதிக்கும்?" என்று கேட்டாள்.

நான் கணக்குப் போட்டுச் சொல்ல வாயைத் திறந்தேன். கூட இருந்த எல்லாரும் பாய்ந்து வந்து பொத்திவிட்டார்கள்.