சிவக்கும் கெண்டை

மூன்று வாரமாகப் பாலக்கரையில் மீன் தின்பவனைவிடத் திருடனுக்கு மரியாதை அதிகம். இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது 'காவிரிக் கண்ணாடி' என்ற வாரப் பத்திரிகை. உய்யக்கொண்டான் வாய்க்காலில் மீன்கள் செத்து மிதந்தன. பத்திரிகை சும்மா இருக்குமா? 'மீன் தின்ற பாவம்! காவிரித் தாய் கடுங்கோபம்!' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. இரண்டாம் பக்கத்தில், அந்தக் கோபத்தைக் கண்டுபிடித்த ஜலானந்த சுவாமிகளின் படம். கடைசிப் பக்கம் முழுக்க வாய்க்கால் கரையில் தோல் பதனிடும் ஷெட்டின் விளம்பரம். விளம்பரத்தை யார் படிக்கிறார்கள்?

டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். பத்துப் பேர் வாய் பிளந்து கேட்டார்கள். பத்து வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போனது.

சுவாமிகள் வாய்க்கால் கரையிலேயே கொட்டகை போட்டுவிட்டார். வீட்டில் சமைக்கிற மீனைக் கொண்டுவந்து நீட்டினால், செம்பிலிருந்து தெளிந்த தீர்த்தத்தை அதன்மேல் தெளிப்பார். மீன் ரத்தச் சிவப்பாக மாறும். "பாத்தியா, சாபம்!" என்பார். கத்தரிக்காயில் தெளிப்பார். அது அப்படியே இருக்கும். கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுவாமிகள் விற்ற பவித்திர வடகத்தை வாங்கிப் போனார்கள் பெண்கள். ஆட்டுக்கறி தின்றே வளர்ந்தவர்கள்கூட வடகக் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். பக்திக்கு நாக்கு ஏது?

மார்க்கெட்டில் மீன் விற்கும் ரோசம்மாளுக்குத்தான் நாக்கு இருந்தது, வயிறும் இருந்தது. அவள் விற்றது முசிறியிலிருந்து காலை பஸ்ஸில் வந்த ஆற்றுக் கெண்டை. அதற்கும் இந்த வாய்க்காலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் கூடை நிறைந்தபடியே வீடு திரும்பியது.

மார்க்கெட் குத்தகைக்காரர் பரக்கத் அலி சங்கடத்தோடு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேம்மா. அப்பவும் இப்படியே கெடந்தா, வடகம் விக்கிறவங்க இடம் கேக்குறாங்க."

"இருபது வருஷமா நான் ஒக்காந்த எடம் பாய்!"

"நான் என்னம்மா பண்றது? பத்திரிகையில போட்டுட்டான்ல!"

அன்று மத்தியானம் விற்காத மீனை அலசி, உப்பும் மஞ்சளும் தடவி, கருவாட்டுக்கு வைத்தாள் ரோசம்மாள். கையைக் கழுவாமலே வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள். விரலைப் பார்த்தாள். சிவப்பு. ரத்தச் சிவப்பு.

விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் எந்த வீட்டு மீனும் மஞ்சள் தடவாமல் சட்டிக்குப் போவதில்லை. கத்தரிக்காய்க்கு எவளும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனாள். கையில் 'காவிரிக் கண்ணாடி'. சுவாமிகளின் படத்தில் அழுத்தமாக மஞ்சள் பூசியிருந்தாள்.

"சாமி, இதுல கொஞ்சம் தெளிங்க."

"மீன் எங்கே?"

"மீன் வேணாம். நீங்கதான் இருக்கீங்களே, படத்துல!"

சுவாமிகள் செம்பை மடிக்குள் இழுத்தார். ரோசம்மாள் விடவில்லை, விரலை விட்டுத் தீர்த்தத்தை எடுத்துப் பத்திரிகையில் உதறினாள். சுவாமிகளின் முகம் சிவந்தது. படத்திலும்தான்.

"மீன்காரி கை பட்டது! அதான் சிவக்குது!" என்று கத்தினார்.

கூட்டம் தலையாட்டத் தொடங்கியது. தலையாட்டுவதற்குத்தானே வந்திருந்தது! அப்போது முன்வரிசையில் நின்ற ரயில்வே குமாஸ்தா மனைவி மட்டுவார்குழலி, காலையில்தான் மஞ்சள் பூசிய தாலிக் கயிற்றை வெளியே எடுத்தாள்.

"நான் மூணு வாரமா மீனே தொடல சாமி. இதுல விடுங்க."

சுவாமிகள் அசையவில்லை. அவளே ஒரு சொட்டு எடுத்து விட்டாள். கயிறு சிவந்தது.

"என் தாலியும் பாவமாய்யா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "அடி பாவி, ஆரத்திடி இது!" என்று அலறினாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிற ஊர்! அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. செம்பைக் கவிழ்த்தார்கள். அடியில் சுண்ணாம்பு வண்டல். சுவாமிகள் வடக மூட்டையைத் தாண்டிக் குதித்து ஓடினார். அந்த வேகத்தைப் பார்த்தவர்கள், பூர்வாசிரமத்தில் நிறைய ஓடிப் பழகியிருக்க வேண்டும் என்றார்கள்.

கூட்டத்தில் நின்ற பரக்கத் அலி முன்னே வந்தார். "ஒன் எடம் ஒனக்குத்தாம்மா."

"அப்ப வாய்க்கால் மீன் ஏன் செத்துச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"இதை மொதல்லயே கேக்குறதுக்கு என்னங்க?" என்ற ரோசம்மாள், கூட்டத்தைக் கரையோடு கூப்பிட்டுப் போனாள். நூறடிகூட இல்லை. தோல் ஷெட்டின் குழாய் கறுப்புத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கம், மீன் குஞ்சுகள் துள்ளின. கிழக்கே வயிறு வெளுத்து மிதந்தன.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"அட, இதை அவன் பத்திரிகையில போடவே இல்லியே!" என்றார் டீக்கடையில் உரக்கப் படிக்கிறவர்.

ரோசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு வாரமா இந்த வழியாத்தான டீ குடிக்கப் போறீங்க? கண்ணையும் மூக்கையும் அவன்கிட்டயா சந்தா கட்டி வாங்குனீங்க?"