தற்காலிக மாப்ளே

நாய் விஷயமாக ஆள் வருகிறார்கள் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தபோது, பஸ் டிரைவர் அந்த நாய்க்குத்தான் காது துடைத்துக்கொண்டிருந்தார். “சரி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். போனில் பேசிய பெண் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். அதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

விஷயம் இதுதான். தெருவிலிருந்து மீட்டு வரும் நாய்களை, யாராவது தத்தெடுக்கும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் காப்பகத்தார் ஆள் தேடுவார்கள். டிரைவர் போய் ஒன்றைக் கூட்டி வந்துவிட்டார். ஒரு கண் மங்கல், பின்னங்கால் நொண்டல். காப்பகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். வந்த அன்றே அது சோபாவில் சாய்ந்துகொண்டு, சாப்பாடு தன்னைத் தேடி வரும் என்று காத்திருந்த தோரணையைப் பார்த்து டிரைவர் “என்ன மாப்ளே?” என்றார். அது திரும்பிப் பார்த்தது. அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாய் செருப்பைத் தாண்டும் முன்பே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள். “யாராவது கேட்டு வர்ற வரைக்கும்தான். நிரந்தரம்னு பேச்செடுத்தீங்க, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்.” அவள் வாயில் அது ‘அது’ தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை இந்தத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை.

டிரைவர் தலையாட்டிவிட்டு நாயை உள்ளே கூட்டிப்போனார். ரெண்டே வருஷம் என்று சொல்லி இந்த நாட்டுக்கு வந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் முடித்து, இன்னமும் ஊருக்குத் திரும்பப் போவதாகவே பேசிக்கொண்டிருக்கும் குடும்பம் அது. கொண்டு வந்த பெட்டிகள் இன்றைக்கும் கட்டிலுக்கடியில் தயாராக இருக்கின்றன. தற்காலிகம் என்பது எவ்வளவு கெட்டியான சமாசாரம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாயைக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும். பெண்டாட்டியும் இருப்பாள், மாப்ளேயும் இருப்பான்.

முதலில் வந்தது ஒரு வயதான தம்பதி. நர்ஸம்மா டியூட்டியில் இருந்தாள். கிழவர் ஜன்னல் கொக்கிகளை ஆட்டிப் பார்த்தார். கிழவி நாய் எங்கே தூங்கும், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் என்ன செய்யும் என்று துருவினாள். சும்மா கிடைக்கிற நாய்க்கு இவ்வளவு விசாரணையா என்று டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு குறைகளை அடுக்கினார். குறட்டை விடும். தட்டை இடது பக்கம் வைத்தால் தெரியாது. இடி இடித்தால் மடியில் போட்டு முதுகைத் தட்ட வேண்டும், அதுவும் மெதுவாக. மாத்திரையைப் பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும்.

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வேறு போனாள்.

டிரைவருக்கு அன்றுதான் புரிந்தது. நொண்டி, குருடு என்றால் இவர்கள் உருகிப்போகிறார்கள். இனிமேல் குணத்தில் கைவைக்க வேண்டியதுதான்.

அடுத்து வந்தவள் கையில் அளவு நாடா இருந்தது. பின்பக்க வேலியை அளந்தாள். தன் வீட்டு வேலியோடு ஒப்பிடத்தான் என்று டிரைவர் கணக்குப் போட்டார். “இந்த வேலியெல்லாம் அதுக்குத் தூசு, தாண்டிடும்” என்றார். கடிக்கும் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்ளே அவள் காலடியில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது. டிரைவர் அதைக் காலால் நகர்த்தினார். வலிக்காமல்தான் நகர்த்தினார், ஆனாலும் நகர்த்தினார்.

அளவு நாடாக்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு நாய் பிடிக்குமா?”

பிடிக்கும் என்றால் நல்ல நாய் என்றாகிவிடும். “கண்டாலே ஆகாது” என்றார் டிரைவர். சொன்ன பிறகு சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அவள் சிரிக்காமல் போனாள். சனியன் தொலைந்தது என்று நினைத்த மறுநாளே போன் செய்து, சனிக்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னாள். அன்றிரவு டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி வேறு, “அதைப் பார்க்க யாரும் வந்தாங்களா?” என்று ஒரு மாதிரிக் கேட்டாள். எப்போது ஒழியும் என்று கேட்கிறாள் போல என்று அவர் நினைத்துக்கொண்டு, “யாரும் வரலையே” என்று சாதித்துவிட்டார்.

சனிக்கிழமை மனைவி டியூட்டிக்குக் கிளம்பியதும், கடைத்தெருவில் இருக்கும் சிநேகிதர் சலூனில் மாப்ளேயைக் கொண்டுபோய்ப் பின்னறையில் விட்டார். அளவு நாடாக்காரி வந்தாள். நாய் ஓடிப்போய்விட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். முகம் தொங்குவதற்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“அட, போனால் போகிறது” என்று அவள் கிளம்பிவிடுவாள் என்பது அவர் கணக்கு. அவளோ முகம் வெளுத்துப்போய் யார் யாருக்கோ போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு கலர்ச் சட்டை மாட்டிய கூட்டம் ஒன்று தெருவில் இறங்கியது. கம்பத்துக்குக் கம்பம் மாப்ளேயின் படத்தை ஒட்டினார்கள். குப்பைத் தொட்டிக்குள்கூடத் தலையை விட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் தகவல் போய்விட்டது.

கூட்டம் கடைத்தெருவுக்கு வந்தது. சலூன்காரர் கதவை மறித்து நின்றுகொண்டு, நாய் என்ற பிராணியையே கேள்விப்படாதவர் போலத் தலையாட்டினார். ஆரஞ்சுச் சட்டைகள் காப்பகத்தில் நாய்க்கு வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கத்தின. ஒரு குரைப்பும் வரவில்லை.

“நீங்க கூப்பிடுங்க. உங்க குரல்தான் அதுக்குப் பழக்கம்” என்றாள் அளவு நாடாக்காரி.

டிரைவர் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து, எறும்புக்குக் கேட்கிற குரலில், “மாப்ளே” என்றார்.

சலூன்காரரின் காலிடுக்கு வழியாக மாப்ளே வெளியே பாய்ந்தது. கழுத்தில் வெள்ளைத் துணி. இடது பாதி மழுங்கச் சிரைத்தாகிவிட்டது, வலது பாதி அப்படியே இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற தலையைக் கண்டால் சலூன்காரர் கை சும்மா இருக்காது. மாப்ளே நொண்டிக் காலோடு நேரே வந்து டிரைவர் மேல் விழுந்து முகமெல்லாம் நக்கியது.

அந்த நேரம் பார்த்து டாக்சியிலிருந்து யூனிஃபார்மோடு இறங்கி ஓடிவந்தாள் நர்ஸம்மா. “டேய் மாப்ளே, எங்கடா போன, அம்மா உசிரே போயிடுச்சுடா” என்று நடைபாதையிலேயே மண்டிபோட்டு நாயைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் வாயைப் பிளந்தார். தெருவும்தான்.

அதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது. அவரும் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாயின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டார். “நான்தான் ஒளிச்சு வச்சேன். குடுக்க முடியாது. அந்தத் தம்பதிக்கும் முடியாது, உங்களுக்கும் முடியாது. கடிக்கும்னு சொன்னது பொய், கண்டா ஆகாதுன்னதும் பொய். போலீஸைக் கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்க.”

அளவு நாடாக்காரி நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

“சார், அந்தத் தம்பதியும் நானும் காப்பகத்து ஆளுங்கதான். நாயை நாங்களே நிரந்தரமா வச்சுக்கிறோம்னு உங்க மனைவி கேட்டிருந்தாங்க, அதுக்காக வீடு பார்க்க வந்தோம். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, நாயைக் கண்டாலே ஆகாத புருஷன் ஒருத்தர் இருக்காரேன்னுதான் தயங்கிட்டு இருந்தோம்.”