பதினொரு தடவை தோற்றவர் நடத்திய வகுப்பு

போட்டித் தேர்வில் தோற்பது எப்படி என்பதை எங்கள் ஓடைப்பட்டி எடைக்காரரை விட நன்றாக அறிந்தவர் தேனி மாவட்டத்திலேயே கிடையாது. வேண்டுமானால் மதுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கி, ரயில்வே, தபால் என்று பதினொரு தேர்வு எழுதினார், பதினொன்றிலும் தோற்றார். மற்றவர்கள் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். இவர் பதினொரு ஹால் டிக்கெட்டையும் லேமினேட் செய்து, தான் எடை போடும் திராட்சைக் கமிஷன் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். “இது அரை மார்க்ல போச்சு. இது பஸ்ஸு பஞ்சராகிப் போச்சு” என்று ஒவ்வொன்றுக்கும் வரலாறு சொல்வார். அவருடைய பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதே தெருவில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, விண்ணப்பங்கள் போட்டுக் கொடுத்து வருகிறேன். ஒருநாள் வந்து நின்றார்.

“மேடம், கூலிக்குப் போறவுக பிள்ளைகளுக்கு என்ட்ரன்சுக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன். காலேஜுல இடமெல்லாம் ஒதுக்கித்தான் வச்சிருக்காக. எழுதப் போகத்தான் இங்கன ஆளில்ல. இங்கிலீசு மட்டும் நீங்க எடுங்க.”

“நீங்க என்ன சொல்லிக் குடுப்பீக?”

“தப்பு எப்படி வரும்னு. அதுல நம்மள மிஞ்ச ஆளிருக்கா?”

சிரித்துத் தொலைத்துவிட்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கமிஷன் கடையில் வகுப்பு. கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டிகள்தான் பெஞ்சு. ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அதில் பவித்ரா, மயிலாடும்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பெண். இங்கே விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். ஒரு சாதிச் சான்றிதழுக்காக அப்பா ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததைப் பார்த்து, வக்கீலாகியே தீருவது என்று முடிவெடுத்தவள். அப்பாவும் ஒன்று சொல்லிவிட்டார்: இந்த ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அக்காவோடு கேரளாவுக்கு, ஏலக்காய்த் தோட்டக் கூலிக்கு ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

முதல் மாதிரித் தேர்வு. பவித்ரா ஆறு கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியிருந்தாள். ஏழாவது பாதியில் நின்றது. அதன் பிறகு வெள்ளைத் தாள்.

“என்னாத்தா, தூங்கிட்டியா?”

“இல்லண்ணே. ஏழு முடியல. அத முடிக்காம எட்டுக்கு எப்படிப் போறது? களை எடுக்கையில பிடிச்ச வரிசைய விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா மேஸ்திரி வைவாகல்ல?”

நான் சிரித்தேன். எடைக்காரர் சிரிக்கவில்லை.

“என்னையக் கவுத்ததும் இதேதான் மேடம். விட்டுட்டு வந்தா மானக்கேடுன்னு தெரியாததையும் குத்துமதிப்பா அடிச்சு வச்சேன். தப்புக்குத் தப்பு மார்க்கப் பிடுங்கிட்டாக.”

மறுவாரம் பழைய லாரி ஹாரன் ஒன்றையும் பேட்டரியையும் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை ஹாரனை அடித்து, “தாண்டு! அடுத்த கேள்விக்குத் தாண்டு!” என்று கத்துவார். வாசலில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர், பின்னால் வண்டி வருகிறது என்று நினைத்து லாரியை நகர்த்திவிட்டார். பெட்டி ஏற்றியவர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கியபடி நடுத்தெருவில் தனியாக நின்றார். முதலாளி ஹாரனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். எடைக்காரர் அசரவில்லை, அடுத்த வாரம் சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் வந்தன. இவ்வளவு சத்தத்துக்கும் பவித்ரா ஏழாவது கேள்வியைப் பிடித்த பிடி விடவில்லை.

பிடிவாதத்தில் அவரும் குறைந்தவரில்லை. ஒரு ஞாயிறு, எல்லோரையும் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கூட்டிப்போய்க் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

“கனிஞ்ச கொத்த மட்டும் வெட்டு. காயத் தொடாத. இந்தக் கோடிக்குப் போயிட்டு மறுசுத்துக்கு வா.”

பவித்ரா அண்ணாந்து பார்த்தாள். “காய் ஒரு மணி நேரத்துல பழுத்துருமாண்ணே?”

“காய் பழுக்காது. அதுக்குள்ள நீ பழுத்திருப்பே.”

அவள் ஒரு காய்க்கொத்தைத் தாண்டி நடந்தாள். எடைக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டிய விதத்தைப் பார்த்தால், அவருக்கே சப்-கலெக்டர் வேலை வந்தது போலிருந்தது.

சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு மதுரையில். திராட்சை குவிகிற நேரத்தில் முதலாளியிடம் சண்டை போட்டு லீவு வாங்கி வந்தவர், தேர்வு மையத்து வாசலுக்கு மட்டும் வர மறுத்துவிட்டார்.

“நம்ம ராசி தெரியும்ல? என் மூஞ்சியப் பாத்தா கேள்வித்தாளே மாறிப்போகும்.” இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடையில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

தேர்வு முடிந்து வந்த பவித்ராவை அங்கே கூட்டிப்போனேன். திரும்பாமலேயே கேட்டார்: “எத்தனைய விட்டே?”

“மொத சுத்துல இருபத்திமூணு. மறுசுத்துல பதினாலு வந்துருச்சு. ஒம்போது கடைசி வரைக்கும் வரலண்ணே. விட்டுட்டு வந்துட்டேன்.”

“ஒம்போதையுமா? குத்துமதிப்பா ஒண்ணு கூட அடிக்கலையே?”

“அடிக்கல.”

அப்போதுதான் திரும்பினார். டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார்.

முடிவு வந்த நாளில் என் சென்டரில் பட்டியலைத் திறந்தேன். பவித்ராவின் பெயர் இருந்தது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், ஐந்து வருடப் படிப்பு. எடைக்காரர் என்னை மூன்று தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். பவித்ரா அப்பாவுக்குப் போன் போட்டு, “ஜீப்புக்குச் சொல்ல வேணாம்ப்பா” என்றாள். எடைக்காரரைக் காணோம். போய்ப் பார்த்தால், பிரிண்டருக்குப் பின்னால் சுவரோரம் நின்று, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். “இந்த வருசம் பதினஞ்சு பேரு வாராக. ஞாயித்துக்கெழம ஒம்போது மணி. லேட்டா வந்தீகன்னா பாருங்க!”

அன்றிலிருந்து நான் பத்து நிமிடம் லேட்டாகத்தான் போகிறேன். அந்த மனுசன் வாசலில் நின்று வைவதைக் கேட்காவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே விடிவதில்லை.