கிடா ஒத்துக்கொள்ளாத வீடு

யாராவது எனக்கு நல்ல யோசனை சொன்னால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டதும், அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஊர் ஊராகத் திரிந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். சூரத்தில் துணி ஆலை, கோவாவில் ஓட்டல் அடுப்படி, நடுவில் சில மாதம் ரயில்வே பிளாட்பாரம். அதிலெல்லாம் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பிளாட்பாரத்தில் காற்று நன்றாகவே வரும். ஆனால் ஒரு வெள்ளாட்டுக் கிடா எனக்குப் பாடம் நடத்தியதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

மதுரைக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் இருந்தது. இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமி படம் வைக்க ஒரு பலகை எல்லாம் நானே அடித்து வைத்திருந்தேன். (பின்பக்கக் கண்ணாடியில் 'குழந்தைகள் ஜாக்கிரதை' என்ற எழுத்து எவ்வளவு சுரண்டியும் போகவில்லை.) அதுதான் என் வீடு. பிழைப்புக்கு, திருவிழா நடக்கிற ஊர்களில் பருத்திப்பால் விற்றேன். அடுப்பு, அண்டா, விறகு எல்லாம் வேனுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லரில் வரும்.

தொல்லை அந்த டிரெய்லரால்தான். அது இல்லாமல் ஓட்டினால் வேன் ஒழுங்காக ஓடும். கொக்கியில் மாட்டிவிட்டால் போதும், பின்னால் இருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவது மாதிரி இருக்கும். வேகத்தடை ஒன்று ஏறினால் பத்துத் தடவை குதிக்கும். மேலூர் போய்ச் சேர்வதற்குள் சாமி படம் என் மடியில் இருக்கும்.

நெல்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாயிடம் காட்டினேன். அவர் வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"தம்பி, பாரத்தை எல்லாம் ஏன் வால்ல ஏத்தி வச்சிருக்கே?"

"கதவு அங்கதான பாய் இருக்கு. இறக்க வசதியா இருக்கும்."

"இறக்க வசதி. இழுக்க? சக்கரத்துக்குப் பின்னால பாரம் கூடுனா முன்பக்கம் மேல தூக்கும். உன் வண்டியோட இடுப்பைப் பிடிச்சு ஆட்டும். பாரத்தை முன்னால தள்ளு. கொக்கி மேல கொஞ்சம் எடை உக்காரணும். அம்புட்டுத்தான்."

ஸ்பேனரையே தொடாமல் சொன்ன வைத்தியம் ஒரு வைத்தியமா? (நெம்புகோல் பாடம் நடத்திய வாரத்தில்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன் என்பது இங்கே முக்கியம்.) தலையை ஆட்டிவிட்டு வந்து, முதலில் டயரில் காற்றைக் குறைத்தேன். வண்டி குதிப்பதோடு சேர்ந்து அலையவும் தொடங்கியது. பிறகு கொக்கியில் சைக்கிள் டியூபைச் சுற்றினேன். அது ஒத்தக்கடை தாண்டுவதற்குள் அறுந்து விழுந்தது. கடைசியாக மேலூர் சாலையில் லாரிக்கு வேலை செய்கிற ஒருவரிடம் போய், வேனின் பின்சக்கரங்களுக்கு மேலே குலுங்கலைத் தாங்குகிற கமான் பட்டை, பக்கத்துக்கு இரண்டாகக் கூடுதலாகப் போட்டேன். அதுவரை தொட்டில் மாதிரி ஆடிய வண்டி, அதற்குப் பிறகு உரல் மாதிரி இடித்தது.

இந்த நிலையில்தான் அக்கா வந்து, "கிடா வெட்டணும்டா" என்றாள்.

அக்கா கே.கே. நகரில் இருக்கிறாள். மச்சான் அரசாங்க அலுவலகத்தில் வேலை. சட்டையைப் பேண்டுக்குள் விடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். நான் ஊரை விட்டு ஓடின அன்றைக்கு அக்கா கருப்பசாமியிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். தம்பி திரும்பி வந்து ஒரு வீட்டில் குடியிருந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்று. பதினோரு வருடம் அது அவள் நெஞ்சில் பாரமாக இருந்திருக்கிறது. 'அவனுக்கு என்ன, வீடா வாசலா' என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் தலைகுனிந்து நின்றவள் அவள்தான். நான் அப்போது கோவாவில் நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சக்கரம் வச்சது எப்புடி வீடாகும்?" என்றார் மச்சான்.

அக்கா வேனுக்குள் ஏறினாள். அடுப்பைத் தொட்டாள், கட்டிலில் உட்கார்ந்தாள், கதவைத் திறந்து மூடினாள். "கூரை இருக்கு, கதவு இருக்கு, அடுப்பு இருக்கு. வீடுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்குச் சொல்லியும் விட்டாள்.

கருப்பசாமி இருப்பது அழகர்கோவிலுக்கு முன்னால் ஒரு மாந்தோப்பில். கே.கே. நகரிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். சொந்தக்காரர்கள் பஸ்ஸில் வருவதென்றும், அக்காவும் மச்சானும் 'புது வீட்டில்' வருவதென்றும் முடிவானது. காலையில் டிரெய்லரில் சாமான் ஏற்றினேன். இரண்டு அண்டா, அரிசி மூட்டை, விறகுக் கட்டு, தண்ணீர் டிரம், அம்மிக்கல். எங்கே ஏற்றியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சம் இருந்த இடத்தில், நடுவில், கிடாவைக் கட்டினேன். கறுப்புக் கிடா. நல்ல கொழுத்தது.

தோப்பில் போய் இறங்கியதும் வேனுக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று அக்கா ஒரு தூக்குவாளியில் பால் கொண்டு வந்திருந்தாள். முதல் வேகத்தடையில் பால் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. இரண்டாவதில் மச்சானின் பட்டு வேட்டிக்கு மாறியது.

"மாப்ள, பால் அடுப்புலதான பொங்கணும்?"

"கெட்டியாப் பிடிங்க மச்சான், ரோடு சரியில்ல."

"ரோடு சரியாத்தான் இருக்கு. பக்கத்துல போற ஆட்டோ குதிக்கவே இல்லயே?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கருப்பனைக் கூப்பிட்டாள். பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன. கிடா முதல் ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் கத்தியது. பிறகு சத்தமே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

தோப்பில் கிடாவை இறக்கி, மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். பூசாரி கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தம்; பெண்கள் குலவை போடுவார்கள். சிலுப்பாவிட்டால் வேண்டுதலில் ஏதோ குறை. அதற்கு மேல் கத்தியை எடுக்கக் கூடாது.

பூசாரி தண்ணீர் தெளித்தார். குலவை போடத் தயாராகப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். கிடா நான்கு காலையும் அகட்டி வைத்து, தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு மயிர்கூட அசையவில்லை.

மறுபடி தெளித்தார். ஒரு செம்பு ஊற்றினார். பிறகு குடத்தோடு கவிழ்த்தார். கிடா ஈரமாக, அசையாமல், தூரத்து மலையைப் பார்த்தது. உடம்பில் இருந்த ஆட்டத்தை எல்லாம் அது வரும் வழியிலேயே ஆடித் தீர்த்திருந்தது. இனி ஆட அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கூட்டம் முனக ஆரம்பித்தது.

"சாமி கேக்குது, வீடு எங்கடானு."

"பட்டா இல்லாத வீட்டுக்குக் கிடா எப்புடிச் சிலுப்பும்?"

"ஆர்.சி. புக்கு இருக்குற வீடு எங்கயாச்சும் உண்டா?" இது மச்சான். வேட்டி அதற்குள் காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. நாற்பது பேர் முன்னால், பதினோரு வருட வேண்டுதல் நனைந்துபோய் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் திரும்பவும் சூரத் ரயில் ஏறிவிடலாமா என்றிருந்தது.

பூசாரி டிரெய்லரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இதுலயா கொண்டாந்தீக? நானா இருந்தாலும் இப்புடித்தான் நிப்பேன்" என்றார். பிறகு அக்காவிடம், "ஒத்துக்காத கிடாய வெட்டக் கூடாதும்மா. கூட்டிட்டுப் போங்க. அது என்னைக்குச் சிலுப்புதோ அன்னைக்கு ஒத்துக்கிட்டதா வச்சுக்குவோம்" என்றார்.

அரைத்து வைத்த கறி மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டுக் குழம்பு வைத்தோம். நாற்பது பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது மச்சான் என்னைச் சாமானைத் தொட விடவில்லை. "நீ ஒண்ணும் ஏத்திக் கிழிக்க வேணாம், தள்ளி நில்லு" என்று அவரே ஏற்றினார். கிடா ஏறியதும் டிரெய்லரின் முன்பலகையில் உடம்பை ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னால் இழுத்தால் வரவில்லை. மச்சான் அதற்குப் பக்கத்திலேயே அண்டா, அம்மி, டிரம் எல்லாவற்றையும் முன்னால் தள்ளி அடைத்தார்.

கொஞ்ச தூரம் வந்ததும் எனக்குப் பகீரென்றது. வண்டி குதிக்கவில்லை, இழுக்கவில்லை. மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். டிரெய்லர் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது, அக்காவின் கிடாவும் போச்சு என்று பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். டிரெய்லர் இருந்தது. கிடா தன் கழுத்து மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

அங்கேயே நின்று காதர் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், வண்டி சரியாயிருச்சு."

"என்ன பண்ணே?"

"கிடாய முன்னால நிறுத்தி, சாமானையும் முன்னால ஏத்துனோம்."

"மூணு மாசத்துக்கு முந்தி நான் சொன்னதைக் கிடா சொன்னாத்தான் கேப்பியா தம்பி?"

மறுநாள் கூடுதல் கமான் பட்டைகளைக் கழற்றினேன். வண்டி பஞ்சாக ஓடியது. ஆனால் அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. கிடா, அவள் வாசலில் நிறுத்தியிருந்த என் வேன் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. தினமும் காலையில் அக்கா வந்து அதன் முதுகில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்ப்பாள். அது அவளைப் பார்க்கும். அவள் போய்விடுவாள்.

ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. நான் வேனுக்குள் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கயிற்றை அறுத்துக்கொண்டு கிடா உள்ளே ஏறியது. நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. தலையணை, சாமி படம், டீ, நான், எதுவும் தப்பவில்லை.

கிடாவைத் தேடிக் குடையோடு வந்த அக்கா வாசல்படியில் நின்று அதைப் பார்த்தாள். அடுத்த நொடி குடை கீழே விழுந்தது. கொட்டுகிற மழையில், கே.கே. நகர் தெருவின் நடுவில், தனியாளாக நின்று குலவை போட்டாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

மாடியிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார். "சிலுப்பிருச்சா? அப்ப மசாலா அரைக்கச் சொல்லட்டா?"

"வீட்டுக்குள்ள வந்து சிலுப்பிருக்கு. வந்த விருந்தாளிய யாராச்சும் வெட்டுவாகளா?" என்று அண்ணாந்து கத்திய அக்கா, என்னைப் பார்த்து, "அடுப்ப அணைக்காதடா, பால் எடுத்துட்டு வாரேன்" என்று ஓடினாள். அன்றைக்குப் பால் அடுப்பிலேயே பொங்கியது.

கிடா இப்போதும் என்னோடுதான் சுற்றுகிறது, டிரெய்லரில் முன்பலகையை ஒட்டி. போன மாதம் எங்கள் சித்தப்பா மகன் ஐந்தாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினான். கிரானைட் தரை, லிஃப்ட், எல்லாம் உண்டு. சுற்றிக் காட்டி முடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மச்சான். "கிடா வந்து பாத்துருச்சா?"